புது வேலை

வரிச் சலுகை பெற்ற பெரிய கடையைப் பார்வையிட அதிகாரி வந்திருந்தார்.

"சலுகை கிடைச்சதாலதான் சார் விலையக் குறைக்க முடிஞ்சுது. இவ்வளவு பேருக்கு வேலையும் குடுத்தோம்" என்றார் மேலாளர்.

பில் போடும் பெண்ணிடம் அதிகாரி திரும்பினார். "முன்னாடி எங்கேம்மா வேலை பார்த்தே?"

"எதிர்த்தாப்ல ஒரு மளிகைக் கடையில சார். போன மாசம் மூடிட்டாங்க."

மூட்டை அடுக்குபவரும் அதே கடையைத்தான் சொன்னார்.

அதிகாரி சிரித்தார். "அந்த முதலாளிக்கு வியாபாரமே தெரியாது போல!"

"மெதுவாப் பேசுங்க சார்" என்று பதறினாள் அந்தப் பெண். "தரை துடைக்கிறாரே, அவர்தான் எங்க முதலாளி."

அவர் காதில் விழுந்துவிட்டது. "நானும் சலுகை கேட்டுப் பார்த்தேன் சார். சின்னக் கடைக்கெல்லாம் கிடையாதுன்னுட்டாங்க."

மேலாளர் முறைத்தார். பழைய முதலாளி சட்டென்று குனிந்துகொண்டார்.

"கொஞ்சம் காலை நகர்த்துங்க சார். துடைச்சிடறேன்."