ஊக்கு

கணுக்கால் பிசகிப் பாறையில் உட்கார்ந்துவிட்ட அருள்தாஸ், மார்பில் குத்தியிருந்த நம்பர் துணியை ஊக்கோடு கழற்றிப் பொற்கொடியிடம் நீட்டினார். காலையிலிருந்து அவளோடு ஓடிவந்தவர். அவர் தண்ணீரில் பாதிக்கு மேல் அவள்தான் குடித்திருந்தாள்.

“நீங்க போங்க அம்மிணி. கீழ டென்ட்டுல இதக் குடுத்தீங்கன்னா ஆள் அனுப்பிருவாங்க.”

மலையோட்டத்தில் அதுதான் வழக்கம். நம்பர் வந்து சேர்ந்தால்தான் மேலே ஆள் போகும்.

அதை இடுப்புப் பையில் திணித்துக்கொண்டு இறங்கினாள். வழியிலிருந்த டென்ட்டில் அவள் குடும்பமே காத்திருந்தது. கணவன் ஈரக் காலுறையை மாற்றினான். மகள் தயிர்சாதத்தை உருட்டி ஊட்டினாள். கொழுந்தன், “அண்ணி, மூணாவதா வர்றீங்க! உக்காராதீங்க, ஓடுங்க!” என்று கத்தினான். எழுந்து ஓடினாள்.

முதல் வளைவிலேயே, டென்ட்டில் கொடுக்க மறந்த நம்பர் துணி நினைவுக்கு வந்தது. திரும்பினால் மூன்றாவது இடம் போய்விடும். பின்னால் வருகிறவர்கள் அவரைப் பார்க்காமலா போவார்கள் என்று சொல்லிக்கொண்டாள். இடுப்புப் பைக்குள்ளிருந்த ஊக்கு வழியெல்லாம் உறுத்திக்கொண்டே வந்தது.

எல்லைக்கோட்டைத் தொட்டபோது மழை பிடித்துக்கொண்டது. குடும்பத்தோடு வண்டியில் முன்பே வந்துவிட்டிருந்த மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கழுத்தில் மெடல் விழுந்தது. குடையும் ஃப்ளாஸ்க்குமாக நின்ற ஒரு பெண் தயங்கித் தயங்கி அருகில் வந்தாள்.

“ஏனுங்க, எங்க வீட்டுக்காரரு அருள்தாஸ் உங்ககூடத்தான் ஓடறார்னு சொன்னாங்க. பின்னால வர்றாருங்களா?”

பொற்கொடியின் கை பைக்குள் போய் அந்தத் துணியைக் கசக்கிப் பிடித்தது. ஊக்கு விரலில் இறங்கியது.

“கைய வெளிய எடு,” என்றான் கணவன், செல்போனை உயர்த்தியபடி. “போட்டோ எடுக்கறேன்.”