இருபத்தொரு புள்ளிகள்

முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வில் பூங்கோதை தன் ஆய்வை விளக்கிக்கொண்டிருந்தாள். நீள்வட்ட வளைவின் மேல், தன்னோடு தன்னையே கூட்டிக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும் புள்ளிகளை எண்ணுவதுதான் அவள் ஆய்வு. அவள் எடுத்துக்கொண்ட வளைவில், விகிதமுறு எண்களோடு நின்றால் அப்படிப்பட்டவை மூன்று. சில புது எண்களையும் சேர்த்துக்கொண்ட ஒரு குறிப்பிட்ட பெரிய எண்புலத்துக்குப் போனால் இருபத்தொன்று. “எண்ணிக்கை எப்படிக் கூடுகிறது?” என்று வெளியூர்த் தேர்வாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். அவள் மூன்று முறையும் தண்ணீர் குடித்தாள்.

“பார்வையாளர்களில் யாருக்காவது கேள்வி உண்டா?” என்று வழக்கப்படி கேட்டார்கள். கல்யாணச் சமையல் செய்யும் அவளுடைய தாய்மாமன் சிங்காரவேலு எழுந்தார். பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டாள்.

“மூணு பேருன்னுதானே முதல்ல சொன்னே? எடத்தைப் பெருசாக்குனா யாரு வேணா வந்துருவாங்களா?”

“எல்லா எடத்துலயும் வர மாட்டாங்க மாமா. முக்காவாசி எடத்துல அந்த மூணு, மூணாவேதான் நிக்கும்.”

“அப்ப இந்தப் பதினெட்டு பேரு இத்தனை நாளா எங்க இருந்தாங்க?”

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “அங்கயேதான் இருந்தாங்க! அவங்க விலாசத்தை எழுத நம்மகிட்ட எண்ணு பத்தல. புது எண்ணு வந்ததும் எழுத முடியுது, அவ்வளவுதான்!”

தேர்வாளர் தேர்ச்சிப் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். “இதைத்தானம்மா நானும் கேட்டேன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். சிங்காரவேலு மட்டும் உட்காரவில்லை.

“அதைவிடப் பெரிய எடத்துக்குப் போனா?”

தேர்வாளர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “நீங்க என்ன நினைக்கிறீங்க?”