பழுப்புக் கட்டம் போட்ட பூ

“அண்ணி, அவரை போட்டா துவரை முளைக்குமா?”

காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அண்ணி நிமிரவில்லை. “காலையிலேயே என்ன விடுகதை தம்பி?”

கொழுந்தன் கையிலிருந்த துணிப்பூவை அவள் முன்னால் நீட்டினான். கம்பிக் காம்பு, அடுக்கடுக்காக இதழ்கள், நடுவில் நூல் சுற்றிய மொட்டு. அழகாகத்தான் இருந்தது. ஆனால் பழுப்புக் கட்டம்.

“நான் கொடுத்தது எனக்கு இறுக்கமாப் போன நீலக் கோடு போட்ட சட்டை. இது யார் வீட்டுத் துணி?”

“உன் வயித்தைப் பார்த்துப் பயந்து நிறம் மாறியிருக்கும்.”

பின்தெருவில் இருக்கும் பூக்கார அக்கா வீடு வீடாக வந்து பழைய துணி கேட்பாள். அதை வெட்டி அலங்காரப் பூ செய்து கடைகளுக்குக் கொடுப்பாள். துணி கொடுத்த வீட்டுக்கு, அந்தத் துணியிலேயே செய்த பூ ஒன்று இலவசம். அதுதான் பேச்சு.

அவன் குளிர்சாதனப் பெட்டி மேலிருந்த பாட்டிலைக் காட்டினான். முன்பு வந்த பூக்கள் அதில் நின்றன. அவையும் பழுப்புதான்.

“அண்ணனோட கறுப்பு பேண்ட் கொடுத்தீங்களே, அதுக்கு வந்த பூவும் இதுல இருக்கு. பாருங்க.”

“எல்லார் துணியும் ஒண்ணாக் கிடக்கும், மாறியிருக்கும். விடு தம்பி. கொடுத்த துணிக்குப் பின்னாலயே போவாங்களா யாராவது?”

அவனுக்குக் குழப்பமாக இருந்தது. ஒரு சீப்பு வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிறவள் அண்ணி. அந்தக் கறுப்பு பேண்ட்டும் கிழிந்தது ஒன்றுமில்லை. அண்ணன் அதைத் தேடித் தேடி ஓய்ந்துபோனார்.

“மேல் வீட்டம்மா சொன்னது சரிதான் போல. நல்ல துணியா பார்த்து சந்தையில வித்துடுறாங்களாம். பூவெல்லாம் சும்மா கண்துடைப்பாம்.”

“மேல் வீட்டம்மா வாய்க்குப் பூட்டு போட இன்னும் ஆள் பொறக்கல.”

“சிரிக்காதீங்க அண்ணி. நேராப் போய்க் கேட்டுடுறேன். பதில் சரியில்லன்னா நம்ம கட்டடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன். அப்புறம் ஒரு வீட்டுக் கதவு திறக்காது அவங்களுக்கு.”

அண்ணியின் கை நின்றது.

“கேக்குறதுன்னா மெதுவாக் கேளு. சிந்தினா அள்ளிடலாம், சொன்னா அள்ள முடியாது.”

பின்தெரு வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. ஒற்றை அறை. பாதியைக் கட்டில் அடைத்துக்கொண்டிருந்தது. மீதி இடத்தில் உட்கார்ந்து, சூடாக்கிய கரண்டியின் முதுகால் இதழ்களை அழுத்திக் குழிவாக்கிக்கொண்டிருந்தாள் பூக்கார அக்கா.

பக்கத்தில் பாதி வெட்டிய ஆண்கள் சட்டை ஒன்று. பழுப்புக் கட்டம். கை இரண்டும் ஏற்கெனவே பூவாகிவிட்டிருந்தன. முதுகு நைந்து, அடியிலிருந்த தரை தெரிந்தது. காலரை ஒருமுறை பிரித்துத் திருப்பித் தைத்திருந்தார்கள். திருப்பிய பக்கமும் தேய்ந்திருந்தது.

இப்படியொரு சட்டையை யார் கொடுத்திருப்பார்கள்? கொடுக்கவே கூச்சமாக இருக்குமே. அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“வாங்க தம்பி. என்ன விஷயம்?”

“அது வந்து... நாங்க கொடுத்த துணி...”

அறையின் மூலையில் கட்டியிருந்த திரையை விலக்கிக்கொண்டு அவள் கணவர் வந்தார். “நேரமாச்சு, கிளம்புறேன்” என்றவர், அவனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

நீலக் கோடு போட்ட சட்டை. கறுப்பு பேண்ட். இடுப்பில் மட்டும் கொஞ்சம் தொளதொள.

பூக்கார அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

அவள்தான் மெல்ல ஆரம்பித்தாள். “ரொம்ப நாள் அலைஞ்சு இன்னைக்குத்தான் இவரை வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க. நல்லதா உடுத்திட்டு வரணும்னாங்க...”

பூவுக்குத் துணி கேட்க அவளுக்கு வாய் வந்திருக்கிறது. உடுத்தத் துணி கேட்க வரவில்லை.

அவர் காலரைத் தொட்டார், கழற்றிக் கொடுத்துவிடலாமா என்று யோசிப்பவரைப்போல.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த கேள்விகளில் ஒன்றுகூட அவன் நினைவில் இல்லை.

“இன்னொரு பூ கிடைக்குமான்னு கேக்க வந்தேன் அக்கா. ஆபீஸ் மேஜையில வைக்க.”

அவள் அவனையே பார்த்தாள். “என்ன நிறத்துல தம்பி?”

“இதே பழுப்புக் கட்டம்தான். பார்க்க நல்லா இருக்கு.” பிறகு அவரிடம் திரும்பினான். “கிளம்பிட்டீங்களாண்ணே? நல்லபடியாப் போயிட்டு வாங்க.”

திரும்பி வரும்போது வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. அண்ணியிடம் என்ன சொல்வது? அண்ணனின் பேண்ட் ஆயிற்றே. அவனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. படியேறும்வரை ஒரே பொய்யை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தான்.

“கேட்டியா?”

“கேட்டேன் அண்ணி. நம்ம துணியெல்லாம் எப்பவோ வெட்டியாச்சாம். அந்தப் பூவெல்லாம் கடைக்குப் போயிடுச்சாம். மிச்சம் இருந்தது பழுப்புதானாம். அதான் நமக்கு...”

“அப்படியா,” என்றாள் அண்ணி. நம்பினாளா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் மடியில் அண்ணனின் வெள்ளைச் சட்டை இருந்தது. ஆடிக்கொண்டிருந்த பொத்தான் ஒன்றை இரட்டை நூல் போட்டு இறுக்கித் தைத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணன் எங்கயாவது கிளம்புறாரா?”

“இல்ல. இது பூவுக்கு. சாயங்காலம் அந்த அக்கா வருவாங்க, கொடுக்கணும்.”

அவன் மறுபடியும் குழம்பினான். “கத்தரிக்கோல் போடப்போற சட்டைக்குப் பொத்தான் எதுக்கு அண்ணி?”

அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“தினமும் அந்த நீலச் சட்டையையே போட்டுட்டு வேலைக்குப் போக முடியுமா அவரு?”