ஆரஞ்சு ஏந்திய பிள்ளைகள்

“ரெண்டாயிரம் பிள்ளைங்க, தம்பி. அத்தனை பேரையும் இந்தச் சின்ன மெஷின் தாங்குமா?”

மூதாட்டியின் இந்தக் கேள்வி காதில் விழுந்ததும் கடைக்காரர் ரோடெல் வாய்விட்டுச் சிரித்தார். வாசகத் தோழர்களே, அந்தச் சிரிப்புக்குச் சாட்சியாக வந்து நில்லுங்கள்! அதன் அடியிலே ஓர் அநீதி புதைந்து கிடக்கிறது. அது ரோடெல் இழைத்த அநீதி அன்று. அவரோடு சேர்ந்து நாமும் சிரித்துவிடுவோமே என்று அஞ்சித்தான் அழைக்கிறேன்.

கனடா நாட்டு வின்னிபெக் நகரத்துக் கணினிக் கடை. வெளியே மார்ச் மாதப் பனி. மேசைக்கு எதிரே இரண்டு மூதாட்டிகள்: ஃப்ளோரா என்று எல்லாராலும் அழைக்கப்படும் ஒருத்தி, அவளுடைய பள்ளிக்காலத் தோழி டோரீன்.

“ரெண்டாயிரம் என்னம்மா, ரெண்டு லட்சம் படம்கூடத் தாங்கும். எதுக்கு வேணும், அதைச் சொல்லுங்க” என்றார் ரோடெல்.

“நாளைக்குக் காலையில வடக்கே கிளம்பறோம். ஊர் ஊராப் போகணும். போற வழியிலேயே படத்தையெல்லாம் பிரிக்கணும்” என்றாள் ஃப்ளோரா. “ஏரிக்கரையில ஒரு கிழவி இருக்கா. வயசு தொண்ணூறு தாண்டிடுச்சு. அவ கண்ணு அணையறதுக்குள்ள காட்டியாகணும்.”

“கனம் மட்டும் ஆகாது” என்று குறுக்கிட்டாள் டோரீன். “சின்ன விமானம். ஆளையே எடை போட்டுத்தான் ஏத்துவான். இவ ஏறி நின்னாலே முள்ளு கடைசிக்குப் போயிடும்.”

“போடி! போன தடவை யாரோட ரொட்டி மூட்டையை இறக்கி வச்சாங்க?”

ரோடெல் முதல் மடிக்கணினியை எடுத்து நீட்டினார். ஃப்ளோரா அதை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள்.

“சிறகு மாதிரி இருக்கு. ஆனா திரை கைக்குட்டை அளவுதான். கிழவிக்கு ஒவ்வொரு பிள்ளையோட மூக்கும் முழியும் தெரியணுமே.”

அடுத்தது அகன்ற திரை. தூக்கியவள் முகம் சுளித்தாள்.

“இதைக் கொண்டுபோனா உன்னை இறக்கிவிட்டுட்டு இதைத்தான் ஏத்துவான்” என்றாள் டோரீன்.

மூன்றாவதை ரோடெல் இரு விரலால் தூக்கிக் காட்டினார். “ஒரு கிலோதாம்மா. திரையும் பெருசு. காலையில சார்ஜ் போட்டா சாயங்காலம் வரைக்கும் கவலையில்லை.”

மணி கோத்த தோல் பையிலிருந்து ஃப்ளோரா ஒரு பென் டிரைவை எடுத்தாள். “ஒரு படம் போட்டுக் காட்டு, பார்ப்போம்.”

திரையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் விரிந்தது. கஞ்சி போட்ட கழுத்துப்பட்டை, காதோடு ஒட்ட வெட்டிய முடி, வரிசை வரிசையாகச் சிறுமியர். ஒவ்வொருத்தி கையிலும் ஓர் ஆரஞ்சுப் பழம்.

ரோடெலின் குரல் இளகிற்று. பிலிப்பைன்ஸ் நாட்டு இலோயிலோவில் தாம் படித்த பள்ளி அவர் கண்முன் வந்து நின்றது. “எங்கிட்டயும் இப்படி ஒரு படம் இருக்கும்மா. நான் பல்லு விழுந்து நிப்பேன். பின்னால எங்கம்மா அத்தனை பேர் பேரையும் எழுதி வச்சிருக்காங்க. இது நீங்க படிச்ச பள்ளிக்கூடமா? ஆரஞ்செல்லாம் கொடுத்திருக்காங்களே!”

“படம் எடுத்து முடிஞ்சதும் கூடையைக் கொண்டுவந்து திரும்ப வாங்கிக்கிட்டாங்க” என்றாள் ஃப்ளோரா. “ஆனா வாசனை கையிலேயே தங்கிடுச்சு. அன்னிக்கு நாங்க யாரும் கை கழுவலை.”

“போர்வைக்குள்ள மோந்துகிட்டே தூங்கினோம்” என்றாள் டோரீன். இரு கிழவிகளும் தங்கள் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

“ஓ! பழைய மாணவிகள் எல்லாரும் கூடறீங்களா?”

“அப்படித்தான் வச்சுக்கயேன்.”

“எப்படிப் பிரிக்கணும்மா? வருஷ வாரியாவா, வகுப்பு வாரியாவா?”

“ரெண்டே பிரிவுதான். தெரிஞ்சவங்க, தெரியாதவங்க.”

“அதை இந்த மெஷினே பார்த்துக்கும்!” ரோடெலுக்கு உற்சாகம் பொங்கிற்று. “ஒரு முகத்துக்கு ஒரே ஒரு தடவை பேர் சொல்லிட்டாப் போதும். மத்த படத்துல அந்த முகம் எங்க இருந்தாலும் தேடிப் பிடிச்சிடும்.”

“அந்த ஒரு தடவையைச் சொல்ல ஆள் வேணுமே, தம்பி.”

“மறந்துட்டீங்களா? வயசானா சகஜம்தாம்மா. நான்கூட என் மச்சான் பேரை மறந்துடறேன்.”

“அது மறதியில்ல, ஆசை!” என்றாள் டோரீன். மூவரும் சிரித்தார்கள். ஃப்ளோரா மட்டும் முதலில் நிறுத்தினாள்.

“இதையே எடுத்துக்கறேன்” என்றாள்.

ரோடெல் கணினியைப் பயணத்துக்கு ஆயத்தம் செய்தார். “கடைசியா உங்க பேரு கேட்குது. ஃப்ளோரான்னு போட்டுடவா?”

“வேண்டாம். அது பள்ளிக்கூடத்துல வச்சது. காலியா விடு.”

“காலியா விட்டா திறக்காதும்மா! வீட்டுல வச்ச பேரைச் சொல்லுங்க, போடறேன்.”

ஃப்ளோராவின் விரல் திரையின் ஓரத்துக்குச் சென்றது. இருப்பவர்களிலேயே சின்னஞ்சிறிய சிறுமி ஒருத்தி, பிடுங்கிவிடுவார்கள் என்று முன்பே அறிந்தவள் போல, பழத்தை மார்போடு அணைத்து நின்றாள்.

“இவதான் நான். பழங்குடிப் பிள்ளைங்கன்னு சொல்லி அரசாங்கத்துக்காரங்க எங்க எல்லாரையும் பெத்தவங்ககிட்டேர்ந்து பறிச்சு இந்தப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் அடைச்சாங்க, பேரையும் மாத்தினாங்க. எங்களைப் படம் எடுத்தவங்க ஒருத்தர் பேரையும் எழுதி வைக்கலை. எங்கம்மா என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டான்னு தெரிஞ்ச உசிரு அந்தக் கிழவி ஒருத்திதான், தம்பி. அதைக் கேட்கத்தான் போறேன்.”

தோழர்களே, கண்ணீர் போதாது! உங்கள் வீட்டுப் படங்களை இன்றே எடுத்துத் திருப்புங்கள், பெயர்களை எழுதுங்கள். அந்தப் படங்களின் ஓரத்தில் பாதி மறைந்து நிற்கிறாளே உங்கள் வீட்டு வேலைக்காரப் பெண், அவளைத் தேடிப் போய்க் கேட்டு, அவள் பெயரை முதலில் எழுதுங்கள்!