அறுபட்ட வார்

கல்லில் ஏறிய கூர் வாரில் இறங்கிவிட்டது. இது எப்படி என்பதுதான் கார்பனுக்குப் புரியவில்லை.

தீட்டுக்கல்லில் தேய்த்து முடித்ததும் சவரக்கத்தி முன்னங்கை ரோமத்தைச் சுத்தமாக மழித்தது. கடைசி மெருகுக்காகத் தோல் வாரில் நாலு இழுப்பு இழுத்தான். அவ்வளவுதான், வாழைப்பழம் நறுக்கக்கூட லாயக்கில்லாமல் போய்விட்டது. வாரிலும் குறுக்கே நீளமாக ஒரு வெட்டு.

"பேஷ்," என்றான் மச்சான். கார்பனின் மனைவிக்குத் தம்பி; சலூனில் வேலை பார்ப்பவன். "பதினஞ்சு வருஷமா இந்த வார் என்கிட்ட இருக்கு. அத்தான் கை பட்டதும் ஆயுசு முடிஞ்சுது."

"கல்லுல எப்படித் தள்ளினேனோ, அப்படித்தான் இதுலயும் தள்ளினேன்."

"அதான் தப்பு. கல்லு இரும்பைத் திங்கும். அங்க கூர் முன்னால போகணும். தோல் எதையும் திங்காது, கலைஞ்ச விளிம்பைச் சீப்பு மாதிரி படிய வாரிவிடும். இங்க முதுகு முன்னால போகணும், கூர் பின்னாலயே வரணும். வாரையும் விறைப்பா இழுத்துப் பிடிக்கணும், தொய்ஞ்சா விளிம்பு மடங்கிடும். அடுத்தவன் கையெழுத்தைப் போட்டே பழகின கைக்கு இதெல்லாம் வருமான்னுதான் தெரியல."

குத்தலை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அச்சுப் பிசகாமல் போட்ட கையெழுத்துகளால் வந்த பட்டப்பெயர்தான் கார்பன். இந்த முறை அவன் நகலெடுக்கப் போவது ஒரு முழு ஆளை.

அந்த ஆள் ஆஸ்பத்திரியில் அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்து செத்துப்போனவன். வயதும் உயரமும் ஏறக்குறைய ஒன்று. கடைசி மூன்று வாரமும் ஓயாமல் பேசினான். பதினெட்டு வயதில் சித்தப்பாவின் சலூனை விட்டு ஓடிவந்தது, அதற்குப் பிறகு இருபது வருஷமாக அந்தப் பக்கமே போகாதது, முக்காலியிலிருந்து விழுந்து பல் உடைந்தது, பின்கட்டில் கூரை ஒழுகும் இடம், சித்தியின் இருமல். எல்லாம் கார்பனுக்கு மனப்பாடம். போய் விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. பிள்ளையில்லாத அந்தச் சித்தப்பா, அண்ணன் மகன் திரும்பி வந்தால் கடை அவனுக்குத்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கத்தியைப் பற்றி மட்டும் செத்தவன் வாயே திறந்ததில்லை. கார்பன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சலூனில் வளர்ந்தவன் கத்தி தீட்டுவதைப் பற்றியா பேசுவான்? மூச்சு விடுவதைப் பற்றி யார் பேசுகிறார்கள்? அந்தச் சித்தப்பாவோ, பிளேடு மாட்டுகிற கத்தியைக் கையால் தொடாத கிழவர். முகத்தைப் பார்த்து நம்ப மாட்டார், கையைப் பார்த்துத்தான் நம்புவார்.

ஆகவே ஒரு மாதம் உழைத்தான். ஆயுளில் முதல் தடவை. கத்தியைக் கல்லில் படுக்கவைத்தால் முதுகும் கூரும் ஒன்றாகப் படிய வேண்டும். முதுகைத் தூக்கினால் கூர் மழுங்கும். திருப்பும்போது முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும். அழுத்தவே கூடாது, கத்தியின் கனமே போதும். வாரில் நாற்பது இழுப்பு. கடைசியில் ஒற்றை முடியைப் பிடித்துக் கூரில் வைத்தால், வைத்த இடத்திலேயே அது இரண்டாக வேண்டும்.

இருபத்தொன்பதாம் நாள் முடி இரண்டானது.

"தேறிட்டீங்க," என்றான் மச்சான், கொஞ்சம் வருத்தத்தோடு.

மறுநாள் காலை கார்பன் அந்தச் சலூனுக்குள் நுழைந்தான். மூன்று நாற்காலி. கடைசி நாற்காலியில் ஒரு தடித்த மனிதர் முகமெல்லாம் நுரையோடு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"சித்தப்பா," என்றான் கார்பன்.

முக்காலி, பல், கூரை, இருமல் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் கொட்டினான். கிழவரின் கண் கலங்கியது. கார்பனும் தன் பங்குக்குக் கொஞ்சம் கலங்கினான்.

கிழவர் இழுப்பறையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து நீட்டினார். "உங்கப்பா கத்தி. மொட்டையா கிடக்கு. தீட்டு, பாப்போம்."

கார்பனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. கல்லை நனைத்தான், தீட்டினான். வாரை விறைப்பாக இழுத்து, முதுகு முன்னால் போக, நாற்பது இழுப்பு. தன் தலையிலிருந்தே ஒரு முடியைப் பிடுங்கிக் கூரில் வைத்தான். முடி இரண்டாக விழுந்தது.

கிழவர் அந்த முடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "யார்கிட்டப்பா கத்துக்கிட்ட?"

"என்ன சித்தப்பா இப்படிக் கேக்கறீங்க? நீங்க சொல்லிக்குடுத்ததுதானே. சின்ன வயசுல படிஞ்ச கை, மறக்குமா?"

கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பழைய வார் தொங்கியது. தாறுமாறாக ஏழெட்டு வெட்டு. கார்பன் உதட்டைப் பிதுக்கினான். "இது எந்த மடையன் வேலை?"

"ஒருத்தன் இருந்தான்," என்றார் கிழவர். பிறகு கடைசி நாற்காலிப் பக்கம் திரும்பினார். "இன்ஸ்பெக்டர் சார், நுரையைத் துடைச்சுக்கிட்டு கொஞ்சம் எழுந்து வாங்க. உங்க ஸ்டேஷனுக்கு ஒரு ஆள் வந்திருக்கு."

தடித்த மனிதர் எழுந்து வாசலை மறித்து நின்றார்.

"எட்டு வருஷம் சொல்லிக்குடுத்தேன்," என்றார் கிழவர், வாரைப் பார்த்தபடி. "எங்கண்ணன் மகனுக்குக் கடைசி வரைக்கும் வராத வேலை இது ஒண்ணுதான். இந்த வாரை அறுத்த அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அன்னைக்கு ஓடினவன்தான். திரும்பி வந்தா எத்தனை வார் வேணாலும் அறுத்துக்கடான்னு சொல்லணும்னு இருந்தேன்."

முதல் நாள் மச்சானிடம் இழுத்த அதே நாலு இழுப்பை இங்கே இழுத்து, வாரை அறுத்திருந்தால் போதும். கடை கார்பனுடையது.