அவர் கோத்த பவளம்

“வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது” என்றபடி, வந்தவள் கைப்பையிலிருந்து பவளமாலையை எடுத்து மேசைமேல் வைத்தாள். “இதே நிறத்துல, இதே அளவுல இன்னொரு மாலை வேணும்.”

பழைய நகை வாங்கி விற்கும் கடைக்காரம்மாவுக்கு முகம் இறுகிவிட்டது. அசலைக் காசாக்கிவிட்டுப் போலியைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற ஆட்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

“போலியெல்லாம் நான் விக்கிறதில்லைங்க.”

“எனக்கு அசல்தான் வேணும். இதுதான் போலி.”

கடைக்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“கல்யாணமான புதுசுல, பழைய சாமான் சந்தையில குப்பையைக் கிளறி எடுத்துட்டு வந்தார். ‘அத்தனை பேர் கண்ணுலயும் படாதது என் கண்ணுல பட்டுது பாத்தியா’ன்னு ஒரு வாரம் அவரைக் கையில பிடிக்க முடியல. எங்க அக்கா சும்மா இருப்பாளா? எனக்குத் தெரியாம கடையில காட்டிட்டா. அத்தனையும் கண்ணாடி.”

“அவர்கிட்ட சொல்லலையா?”

“எப்படிங்க சொல்றது? விசேஷத்துக்கெல்லாம் இதைத்தான் போட்டுக்கிறேன். இப்போ இதைப் பொண்ணுக்குப் போட்டு அனுப்பணுங்கிறார். சம்பந்தி நகைக்கடை வச்சிருக்கார். ஒரு பார்வையில கண்டுபிடிச்சிடுவார். அத்தனை பேருக்கு நடுவுல இவர் தலை குனிஞ்சு நிக்கிறதை என்னால பாக்க முடியாது. காசு சேத்து வச்சிருக்கேன்.”

நிறம் பார்க்கத்தான் கடைக்காரம்மா மாலையைக் கையில் எடுத்தாள். லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோனவள் மறுபடியும் உற்றுப் பார்த்தாள். மணியின்மேல் மயிரிழை மயிரிழையாக வரிகள் ஓடின. கண்ணாடியில் ஏது வரி? துளையோரம் ஊசிமுனையால் ஒரு பொட்டு எலுமிச்சைச் சாறு வைத்தாள். பொடிப்பொடியாக நுரைத்தது.

“பவளங்க இது.”

“நல்லாப் பாருங்க.”

கடைக்காரம்மா ஒவ்வொரு மணியாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒன்றின் துளை கையால் குடைந்தது, கோணலாக இருந்தது. அடுத்தது இயந்திரத்தில் போட்டது, அத்தனை நேர். இன்னொன்றில், கடலுக்குள் இருந்தபோதே பூச்சி அரித்த குழி.

“இது ஒரே மாலை இல்லைங்க. ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு மாலையிலேர்ந்து வந்திருக்கு. ஆனா நிறத்தைப் பாருங்க, ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரி. ரெண்டு மணி ஜோடி சேக்கவே எனக்கு மாசக்கணக்காகும்.” அவள் குரல் தானாகத் தணிந்தது. “யாரு இதைக் கோக்கிறது?”

“அவர்தான். நூல் இத்துப்போச்சும்பார், அவிழ்த்துக் கட்டுவார். கொஞ்ச நாள்ல மறுபடியும் இத்துப்போச்சும்பார். ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியலைன்னு நான்கூட…”

அவள் விரல் மாலையின் முடிச்சைத் தேடித் தடவியது.

“சந்தைக்கு இன்னும் போறாரா?”

“ஒரு ஞாயித்துக்கிழமை விடமாட்டார். போறது அவ்வளவு அவசரமா, வர்றது வெறுங்கையோட. ஊர் சுத்த ஒரு சாக்குன்னு திட்டுவேன்.”

“என் தம்பிகூட அங்கதான் மணிக்கடை விரிக்கிறான்” என்றாள் கடைக்காரம்மா. “கண்ணாடின்னு அவருக்கும் என்னைக்கோ தெரிஞ்சு போச்சும்மா. உங்ககிட்ட சொல்ல மனசு வரல. ஒவ்வொண்ணா மாத்தியிருக்கார்.”

மேசைமேல் கிடந்த மாலையை, தூங்குகிற குழந்தையைப் பார்ப்பதுபோல இருவரும் பார்த்தார்கள்.

கொக்கிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மணி மட்டும் வரியில்லாமல் வழுவழுவென்று இருந்தது. மேலே குமிழி வெடித்த தடம்.

“இது ஒண்ணுதான் இன்னும் கண்ணாடி. இருங்க.” கடைக்காரம்மா இழுப்பறையைத் துழாவி ஒரு மணியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. “நானே கோத்துத் தரேன். சம்பந்தி என்ன, சம்பந்தியோட தாத்தாவே வந்தாலும் குத்தம் சொல்ல முடியாது.”

வந்தவள் அந்த மணியை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

“மணியை வாங்கிக்கிறேன். ஆனா கோக்க வேண்டாம்.”

“பின்னே?”

“வர்ற ஞாயித்துக்கிழமை உங்க தம்பி கடைக் குவியல்ல இதைப் போட்டு வைக்கச் சொல்லுங்க. அவரே கிளறி எடுக்கட்டும்.”

மணியைக் கடைக்காரம்மா கையில் கொடுத்துவிட்டு, மாலையைப் பைக்குள் வைத்தாள்.

“வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது.”