சம்பந்தி வருவதற்குள்

இப்போதெல்லாம் ஒருவன் குனிந்து நடந்தால் போதும், பார்க்கிறவனெல்லாம் வைத்தியனாகிவிடுகிறான். பெல்ட்டும் போட்டேன், ஊசியும் போட்டேன். வருஷக்கணக்காக இடுப்பு நிமிரவில்லை. இரட்டைப்பிள்ளை பெற்றவள் மிதித்தால் பிடிப்பு விடும் என்றார்கள். எங்கள் தெருவில் இரட்டை பெற்றவள் என் மருமகள் செவந்தி ஒருத்திதான். மறுநாள் அவள் அப்பன் வருவதாக இருந்தது. அவன் முன்னால் கூனி நிற்க எனக்கு மனசில்லை. பாயில் குப்புறப் படுத்தேன்.

"மாமா மேல காலை வைக்கிறதா? பாவமில்ல?" என்று பின்வாங்கினாள்.

"நான்தான சொல்றேன், மிதி."

முதலில் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு சுவரைப் பிடித்தபடி என் இடுப்பில் ஏறினாள். உள்ளே ஏதோ சடக்கென்றது.

"விட்டுச்சா மாமா?"

"கோழி ஏறி எறங்கின மாதிரி இருக்கு. உங்கப்பன்கிட்ட மட்டும் இதைச் சொல்லிடாத."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் எழுந்து வெளியே நடந்தேன். இந்த மிதியில் எல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் வாசலில் நின்று பார்க்கிறாள் என்று தெரியும். தெருமுனை திரும்பும்வரை கையை இடுப்புக்குக் கொண்டுபோகவில்லை.